புறங்கையால் தொட்டவர்

அத்தியாயம் 14

ஆறு வருஷமாக மகள் வீட்டு வாசற்படியை மிதிக்காத சீனுவாசன், போன வாரம் போனில் "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாரே, அன்றிலிருந்து ஆர்த்திக்குச் சரியான தூக்கம் இல்லை.

சந்தோஷத்தில் தூக்கம் கெட்டால் அது வேறு. இது அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவளின் நிலைமை. எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று மனசு சொல்கிறது, எதை என்றுதான் தெரியவில்லை.

இத்தனைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. இன்று மாலை கூட்டேரிப்பட்டில் அவர்கள் கிறிஸ்தவ சபையின் கன்வென்ஷன் கூட்டம். மேடையில் அவள் கணவன் தேவா வாசிக்கப் போகிறான். ஒலக்கூரிலிருந்து அப்பா வந்து, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அதைக் கேட்கப் போகிறார். சாமியும் வேறு, சாதியும் வேறு என்று மகள் கல்யாணத்தன்று கழனியை விட்டு ஏறாத மனிதர் இவ்வளவு தூரம் இறங்கி வருவதே பெரிது. இதற்கு மேல் ஒரு மகளுக்கு என்ன வேண்டும்?

விழுப்புரத்தில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக் கூடத்தில் தேவா தன் பெடல் ஸ்டீல் கிட்டாரைக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். பெயர்தான் கிட்டார். பார்ப்பதற்கு நாலு கால் வைத்த இஸ்திரி மேஜை. மேலே பத்துக் கம்பி, கீழே காலால் மிதிக்க வரிசையாகப் பெடல்கள், முழங்காலால் தள்ள இரண்டு மூன்று இரும்புத் தண்டு. இடது கையில் வழுவழுப்பான இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் நகர்த்த வேண்டும். வலது கை விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். உடம்பில் சும்மா இருக்கிற பாகம் வாய் ஒன்றுதான். தேவாவுக்கு அது வசதியாகப் போயிற்று, ஏனென்றால் அவன் பேசுகிற ஆள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது சபைக்குக் கொடுத்துவிட்டுப் போன வாத்தியம் அது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் அதன் மேல் டிபன் டப்பாவை வைத்துச் சாப்பிட்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிற தேவாதான் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பத்து வருஷம் மல்லுக்கட்டி வசப்படுத்தினான். இப்போது அவன் இல்லாமல் அந்தச் சபையில் ஆராதனை களை கட்டுவதில்லை.

பாட்டு முடிந்து பாஸ்டர் ஜெபத்துக்காகக் குரலைத் தாழ்த்தும்போதுதான் அவனுடைய வேலை ஆரம்பிக்கும். டிரம்ஸ் நின்றுவிடும், கீபோர்டும் அடங்கிவிடும். தேவா ஒரே ஒரு சுரத்தை எடுத்து, மீட்டிய சத்தமே தெரியாமல், காலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவான். அது ஜெபத்துக்கு அடியில் வாய்க்கால் தண்ணீராகப் பரவும். பாஸ்டர் சொல்ல வந்த வார்த்தைக்கு வந்து சேரும்போது இவன் பெடலை ஒரு மிதி மிதிப்பான். சுரம் வளைந்து மேலே ஏறும். அவ்வளவுதான், கல்நெஞ்சுக்காரனும் கண்ணைத் துடைப்பான்.

ஊரையே அழவைத்தவனுக்குத் தனக்கென்று ஒரு சொட்டு வந்ததில்லை என்பது ஆர்த்திக்கு மட்டும் தெரிந்த விஷயம். "எல்லாருக்கும் உள்ள என்னமோ எறங்குது. நான் மட்டும் எந்தப் பெடலு, எந்தக் கம்பின்னு பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன்" என்று ஒருமுறை அவளிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று அவளுக்குத்தான் அழுகை வந்தது.

மூன்று வாரமாக அந்தக் கதை மாறிவிட்டது. ஜெபத்தின் நடுவில் விரல் நுனியில் சுருசுருவென்று ஏதோ ஏறுகிறதாம். முழங்கை வரைக்கும் போகிறதாம். முதல் வாரம் மனைவியிடம் மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து போய், ஆண்டவர் தன்னைத் தொட்டார் என்று சாட்சியாகவே சொல்லிவிட்டான். பேசாதவன் பேசினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. சபை முழுக்க எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. ஆர்த்தியும் சொன்னாள். அப்பா போனில் வர்றேன் என்றதும் அதே நாள்தான்; அன்று இரவிலிருந்துதான் அவளுக்கு அந்தப் பால் பொங்குகிற பயம்.

"இன்னிக்கி இன்னும் ஜாஸ்தியா வரும்னு தோணுது ஆர்த்தி" என்றான் தேவா, உலோக நகங்களைத் துணியில் முடிந்துகொண்டே. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஊழிய நாள் என்பதால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"வீட்ல வாசிக்கும்போது வர்றதில்லியே, ஏங்க?"

"வீட்ல எப்பிடி வரும்? இங்க செருப்பு போட்டுக்கினு, பேட்டரில ஓடுற சின்ன ஸ்பீக்கர் பொட்டில வாசிச்சிப் பழகுறேன். பக்கத்துல நீ சீரியலு பாத்துக்கினு இருக்குற. அங்க செருப்ப கழட்டிட்டு இல்ல ஏறுறோம்? அது பரிசுத்தமான எடம்."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. சரிதான் என்று பட்டதை மனசு ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

கூட இன்னொன்றும் சொன்னான். பாஸ்டர் இன்றைக்கும் அவனைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். போன தடவை மாதிரி கிட்டாரை விட்டு எழுந்து வர வேண்டாமாம். இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு கையால் சுரத்தைப் பிடித்துக்கொண்டே பேசினால் ஜனங்களுக்கு நெஞ்சில் தைக்கும் என்றாராம். மைக்கைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

சபை வேன் வந்து ஹாரன் அடித்தது. தேவா போனை அணைத்து அலமாரியில் வைத்தான். ஊழியத்துக்குப் போகிறவன் போனைத் தொடக்கூடாது, அது அவர்கள் சபையில் எல்லோருக்கும் சட்டம். படியிறங்கப் போனவன் திரும்பி வந்து, "மாமாவ முன் வரிசைல ஒக்கார வெய்யி. அவுரு கண்ணுல படுற மாதிரி வாசிக்கணும்" என்றான். தன் அப்பாவை அவன் மாமா என்று சொன்னதை அவர் ஒருநாளாவது காதால் கேட்க வேண்டும் என்று ஆர்த்தி நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அவள் திண்டிவனம் பஸ் ஏறினாள். கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பந்தல் தெரிந்தது. ரோட்டை ஒட்டிய வெற்று நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, மேடைக்குச் சிவப்புக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே வானம் மசமசவென்று கருத்துக்கொண்டு வந்தது.

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே அவள் அண்ணன் கோகுலகிருஷ்ணனின் சவுண்ட் சர்வீஸ். கோயில் திருவிழாவும் அவன்தான், கல்யாணமும் அவன்தான், இரண்டு வருஷமாக இந்தச் சபைக் கூட்டங்களும் அவன்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இத்தனை காலம் அறுந்துபோகாமல் இருந்த ஒரே கயிறு அவன். கேட்டதற்கெல்லாம் ஆகட்டும் என்பான். யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. அது நல்ல குணம்தான், சில நேரம் அதைவிடப் பொல்லாத குணமும் கிடையாது.

கடை வாசலில் குட்டியானை வண்டியில் பாதி சாமான் ஏறியிருந்தது. கோகுலகிருஷ்ணன் தரையில் சம்மணம் போட்டு, ஒரு தடித்த ஒயரின் பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தான். மடக்கென்று ஒடிந்தது. மூன்று முள்ளில் மேலே தனியாகத் தடித்து நிற்குமே, அந்த முள். அதைப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டான். டப்பாவுக்குள் அதே மாதிரி இன்னும் சில கிடந்தன.

"நல்ல பிளக்க எதுக்குண்ணா ஒடிக்கிற?"

"ஹம்மிங் வருது பாப்பா. பாட்டு ஓடும்போது தெரியாது. பாஸ்டர் கண்ண மூடி ஜெபம் பண்ணும்போது பொட்டில உம்முனு ஒரே இரைச்சலு. அவுரு என்னத்தான் திரும்பிப் பாக்குறாரு, பேஜாரா பூடுது. இந்தத் தடி முள்ள எடுத்துட்டா நின்னுடும். மச்சான் கிட்டாரு ஸ்பீக்கர் பொட்டிக்கு அப்பிடித்தான் பண்ணேன். மூணு வாரமா எவ்ளோ சுத்தமா இருக்குது பாத்தியா?"

இது கீபோர்டு பெட்டியுடைய பிளக் என்றான். பாஸ்டரின் ஒயர் மைக் செட் மட்டும் புதுசு, அதில் இரைச்சல் இல்லை, அதனால் அதன் முள்ளைத் தொடவில்லை என்றான். ஆர்த்தி தலையாட்டினாள். தொழிலுக்குத் தொழில் ஒரு நெளிவு சுளிவு. அப்பா வருகிற பஸ் நேரமாகிவிட்டது என்ற நினைப்பில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போனான்.

சீனுவாசன் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மஞ்சள் பையோடு இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். ஆர்த்தி கிட்டே போய் நின்றாள். இரண்டு பேருக்குமே எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒங்கம்மா மல்லாட்ட அவிச்சிக் குடுத்தா" என்று வேர்க்கடலைப் பையை நீட்டினார். "அந்தப் பையன் துன்னுவானா?"

அந்தப் பையன். மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் இன்னும் வரவில்லை. போகட்டும், மல்லாட்டை வந்துவிட்டது, வார்த்தை பின்னால் வரும் என்று ஆர்த்தி தன்னையே தேற்றிக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் ஆசையாகச் சாப்பிடுவார் என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

விழுப்புரம் பஸ் வந்தது. ஏறும்போதே தூறல் போட்டது. சீனுவாசன் படியில் கால் வைத்து, பிடிக்க வேண்டிய கம்பியை முதலில் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் பிடித்து ஏறினார். ஆர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் அத விடலியாப்பா? பஸ்ஸுல ஏதுப்பா கரன்ட்டு?"

"பழகிப்போச்சி" என்று அவரும் லேசாகச் சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் முகத்தில் அவள் பார்த்த முதல் சிரிப்பு.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஒன்பதாவது படித்த வருஷம், கழனி மோட்டார் கொட்டகையில் எர்த்துக்குப் போட்டிருந்த செம்புக் கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். மோட்டார் என்னமோ நன்றாகத்தான் ஓடியது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. பைப்பைத் தொட்டால் சுருசுருங்குது என்று அப்பா இரண்டு மூன்று நாள் சொன்னார். சின்னதாக எர்த் அடிக்கிறது, அதற்கென்ன என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் மழை பெய்து தரையெல்லாம் சொதசொதவென்று ஆனது. தொட்டியில் தண்ணீர் குடிக்கப் போன சினைப் பசு பைப்பில் உரசியது. கத்தக்கூட இல்லை, அப்படியே விழுந்தது. அன்றிலிருந்து அப்பா இரும்பு எதுவானாலும் புறங்கையால்தான் முதலில் தொடுவார். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

பாவம் அந்தப் பசு என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் கண்ணாடியை இறக்கியவளின் கை பாதியில் நின்றது.

சுருசுருங்குது.

அண்ணன் மடியில் ஒடிந்த அந்தத் தடித்த முள் எதற்கு? எர்த்துக்கு. தேவாவின் பெட்டியில் அது ஒடிந்து எத்தனை நாள்? மூன்று வாரம். தேவாவின் விரலில் ஆண்டவர் தொட ஆரம்பித்ததும் மூன்று வாரம்.

ஆர்த்தி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். காலை வேளையில் அவன் முகத்தில் இருந்த தெளிச்சி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பத்து வருஷம் காத்திருந்து கிடைத்தது என்று அவன் நம்பிக்கொண்டிருப்பது ஒரு லீக்கு கரன்ட்டு. வெறும் காலோடு, பட்டினி வயிற்றோடு, நனைந்த மேடையில் உட்கார்ந்து, ஒரு கை கம்பி மேல் இருக்க, இன்னொரு கையால் நல்ல எர்த்து உள்ள மைக்கை வாங்கப் போகிறான். கம்பியில் ஏறுகிற கரன்ட்டு அவன் உடம்பு வழியாகத்தான் மைக்குக்கு இறங்கும்.

தேவாவின் போன் வீட்டு அலமாரியில் கிடந்தது. அண்ணனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, ஸ்பீக்கர் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? சபையில் தெரிந்த நாலு பேருக்கு அடித்தாள். எல்லாம் அணைந்திருந்தன.

"யாருக்கு அப்பிடி அடிச்சிக்கினே இருக்குற?" என்றார் அப்பா.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். ஆனால் ஆறு வருஷம் கழித்துச் சிரித்த முகத்தைப் பார்த்தாள். அண்ணனும் புருஷனும் சேர்ந்து நடத்துகிற கூத்து இதுதானா என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாரோ என்று பயம். பந்தலுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அண்ணனைப் பிடித்துப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடிந்துபோகும். "ஒண்ணுமில்லப்பா, எடம் புடிச்சி வெக்கச் சொல்லலாம்னு" என்றாள். வெளியே மழை வலுத்து ஊற்றியது.

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. லைன் கரன்ட்டு போய்விட்டது போல. ரோட்டோரக் கடைகள் இருட்டாக இருந்தன. பந்தலில் மட்டும் வெளிச்சம், பின்னால் ஜெனரேட்டரின் உறுமல். அந்த உறுமலையும் மீறி, ரோட்டைக் கடக்கும்போதே, ஒற்றைச் சுரம் ஒன்று நீளமாக இழைந்துகொண்டு வந்தது. தேவா வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

சீனுவாசன் நின்றுவிட்டார்.

"அதா?"

"ஆமாம்ப்பா."

"அழுவுற மாதிரி இருக்குதே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு ஆர்த்தி அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

பந்தல் வாசலில் வாலண்டியர் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். பிரதருடைய மாமனாரா என்று கேட்டு, மகிழ்ச்சியோடு சீனுவாசனின் கையைப் பிடித்து முன் வரிசைக்கு அழைத்துக்கொண்டு போனார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டு, ஆர்த்தி பந்தலின் கடைசியில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் ஓடினாள். தகரக் கூரை ஒழுகித் தரை சேறாகக் கிடந்தது. மேடையின் சிவப்புக் கம்பளம் ஓரமெல்லாம் நனைந்து கருத்திருந்தது. அதன் நடுவில் தேவா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பெடலில் ஊன்றிய பாதத்தின் குதிகால் கம்பளத்தில் பதிந்திருந்தது.

"அண்ணா, அவுரு பொட்டிய புடுங்கு. ஒடனே புடுங்கு. நீ ஒடிச்சது எர்த்து. அவருக்கு வெரல்ல வர்றது கரன்ட்டு."

கோகுலகிருஷ்ணன் திகைக்கவில்லை. அதுதான் அவளைத் தூக்கிப்போட்டது. மிக்சரின் விளக்குகளைப் பார்த்தபடியே இருந்தான்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"சாட்சி சொன்னப்பதான் எனக்கே ஒறச்சிது பாப்பா" என்றான் மெதுவாக. "ஊரே எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொல்லுது. அது என் பிளக்குல வந்த வெனைன்னு நான் எழுந்து நின்னு சொல்ல முடியுமா? மச்சான் மொகத்த பாத்தியா நீ? அடுத்த வாரம் யாருக்கும் தெரியாம மாத்திடலாம்னு இருந்தேன். இத்தினி நாளு ஒண்ணும் ஆவலியே."

"அது காஞ்ச தரைண்ணா. இன்னிக்கி பாரு."

"ஜெபத்து நடுவுல புடுங்குனா நாளைக்கி எவனும் என்ன கூப்பிட மாட்டான். இரு, சத்தத்த கொறைக்கிறேன்."

"சத்தத்த கொறச்சா கரன்ட்டு கொறயுமா?"

அதற்குள் மேடையில் பாஸ்டரின் குரல் தழுதழுத்தது. நல்ல மனிதர் அவர். வாலண்டியர் காதில் சொன்ன சேதி அவரை உருக்கிவிட்டது. இந்தச் சகோதரனின் மாமனார் ஆறு வருஷம் கழித்து இன்று இந்தப் பந்தலுக்கு வந்திருக்கிறார், அய்யா கொஞ்சம் மேலே வர வேண்டும், உங்கள் கையாலேயே உங்கள் மருமகனுக்கு மைக்கைக் கொடுக்க வேண்டும் என்றார். கூட்டம் கை தட்டியது. சுரம் வளைந்து ஒரு படி மேலே ஏறியது.

முன் வரிசையில் வெள்ளைச் சட்டை எழுந்தது.

கோகுலகிருஷ்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிளக்குகள் எல்லாம் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் தார்ப்பாய் போட்ட பெட்டியில் இருந்தன. பந்தலின் பக்கவாட்டில் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினான். தங்கச்சி புருஷனுக்காக அசையாத கால் அப்பாவுக்காக ஓடியது. அந்த வேதனையை நினைத்துப் பார்க்கக்கூட ஆர்த்திக்கு நேரமில்லை, நாற்காலிகளுக்கு நடுவில் மேடையை நோக்கி ஓடினாள்.

சீனுவாசன் மற்றவர்களைப் பார்த்து, அவரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார். ஈரக் கம்பளத்தில் அவர் பாதம் பதிந்து பதிந்து தண்ணீர் ஊறியது. பாஸ்டர் மைக்கை அவர் கையில் கொடுத்து, தோளைத் தொட்டுத் தேவாவின் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆர்த்தி மேடைப் படியைத் தொடும்போது இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டு ஓடி வருகிறவளை அந்தப் பந்தலில் எல்லோரும் ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்வார்கள். "அழு சிஸ்டர், நல்லா அழு" என்று அணைத்துக்கொண்டார்கள். அப்பா, தொடாதீங்க என்று அவள் கத்தியது கூட்டத்தின் ஸ்தோத்திரத்தோடு ஸ்தோத்திரமாகக் கரைந்தது.

சீனுவாசன் மருமகனுக்கு முன்னால் போய் நின்றார். வலது கையில் மைக். அதை நீட்டுவதற்கு முன்னால் குனிந்து அந்த வாத்தியத்தைப் பார்த்தார். காலால் மிதித்தால் கம்பி இழுபடுகிற வித்தையைப் பார்த்தால், மோட்டாரும் கலப்பையும் பழகிய மனுஷனால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? இடது கையை நீட்டினார்.

கை பாதி வழியில் தானாகத் திரும்பியது. புறங்கை இரும்புச் சட்டத்தில் பட்டது.

தூக்கியெறிந்தது போலக் கை பின்னால் போனது. மைக் விழுந்தது. எல்லா ஸ்பீக்கரிலும் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அய்யாவை ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று யாரோ கத்த, பந்தல் முழுக்க எழுந்து நின்றது.

சீனுவாசன் தடுமாறி நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் உட்கார்ந்திருந்தவனை உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னது, படியில் மாட்டிக்கொண்டு நின்ற ஆர்த்தியின் காதில் தெளிவாக விழுந்தது.

"மாப்ள. கைய எடுங்க மாப்ள. எனக்கு அடிச்சிது."

எந்த வார்த்தைக்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாளோ அந்த வார்த்தை.

தேவா கண்ணைத் திறந்தான். அவனும் அதே வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான். மாமனார் கை நடுங்குவதைப் பார்த்தான், அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்து கண்ணீர் வழிந்தது. பத்து வருஷத்தில் அந்த வாத்தியத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்கும் வந்துச்சா மாமா?" என்றான்.

இடது கை இரும்பு உருளையைக் கம்பிகளின் மேல் அழுத்திப் பிடித்திருந்தது. சுரத்தை அவன் விடவில்லை. வலது கையை நீட்டி, காலடியில் ஈரக் கம்பளத்தில் கிடந்த மைக்கை எடுக்கக் குனிந்தான்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.